கையெழுத்து உங்களுது, கணக்கு யார்கிட்ட இருக்கு?

காரைக்குடியில ஆடிட் ஆபீஸ் வச்சிருக்கேன். தொழில் பண்ற பெண்கள் எங்கிட்ட பெரும்பாலும் ரெண்டு விதமா வருவாங்க. ஒரு விதம், கடை, ஜிஎஸ்டி, லோன் எல்லாம் அவங்க பேர்ல இருக்கும், பேசுறது பூரா கூட வந்த வீட்டுக்காரர்தான், நான் ஏதாவது கேட்டா "அவுகளுக்குத்தான் தெரியும் மேடம்"னு சொல்லிட்டு பேனாவை மட்டும் வாங்குவாங்க. இன்னொரு விதம், விடியக்காலை 4 மணிக்கு எந்திரிச்சு மாவு பிசைஞ்சு, ஆள் வச்சு, ஆர்டர் புடிச்சு முழுத் தொழிலையும் இழுக்கிறது அவங்க, ஆனா க்யூஆர் ஸ்டிக்கர்ல விழுற காசு பையன் அக்கவுண்ட்டுக்குப் போகும், சிறு தொழில் பதிவுக்கான உத்யம் சர்டிபிகேட் வீட்டுக்காரர் பேர்ல இருக்கும். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இத எழுதுறேன்.

முதல்ல கையெழுத்து விஷயம். தனி உரிமையாளரா உங்க பேர்ல தொழில் இருந்துச்சுன்னா சட்டத்துக்கு தொழில் வேற நீங்க வேற கிடையாது, அந்தக் கடன் உங்க கடன், அந்த வரி பாக்கி உங்க பாக்கி, உங்க சேமிப்பு வரைக்கும் வந்து நிக்கும். ஒரு அம்மா வந்தாங்க, பேங்க்ல அவங்க சேவிங்ஸ் கணக்கு முடங்கிப்போயி பொண்ணு காலேஜ் பீஸ் கட்ட முடியாம அழுதுக்கிட்டே வந்தாங்க. பாத்தா அவங்க பேர்ல வீட்டுக்காரர் நடத்துன கடைக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் மாசக்கணக்கா போடல, நோட்டீஸ் எல்லாம் அவர் மெயிலுக்கு வந்துருக்கு, இவங்க ஒண்ணக்கூட பாக்கல. அவர் கெட்ட மனுசன் இல்ல, கஷ்டத்தை மறைச்சுட்டார், அவ்ளோதான். ஆனா பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்த அம்மா. பார்ட்னர்ஷிப்லயும் இதே கதைதான், "நான் சும்மா பேருக்கு பார்ட்னர்"னு சட்டத்துல ஒரு இடம் இல்ல.

கம்பெனி டைரக்டரா போட்டிருந்தாலும் அப்படித்தான். 3 வருஷம் தொடர்ந்து கணக்கு தாக்கல் பண்ணாத கம்பெனியோட டைரக்டர் 5 வருஷத்துக்கு தகுதி இழப்பாங்க, 2017ல நாடு முழுக்க 3 லட்சம் பேருக்கு மேல அப்படி நீக்குனாங்க. அப்ப எங்கிட்ட வந்த பெண்கள்ல சிலருக்கு தான் டைரக்டர்ங்கிறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு.

இது நம்ம ஊருக்கு பொருந்தவே பொருந்தாத விஷயம்ங்கிறதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. பர்மா, மலேயா, சிலோன்னு நகரத்தார் வீட்டு ஆம்பளைங்க கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போயி வருஷக்கணக்குல வராம இருந்த காலத்துல இங்க அத்தனை பெரிய வீட்டையும் நிர்வாகம் பண்ணது அந்த வீட்டுப் பெண்களான ஆச்சிமார்தான். கல்யாணம் ஆனதும் வேறு வச்சு, அதாவது அதே வீட்டுக்குள்ள தனிச் சமையல்னு பிரிச்சு விட்டு, வருஷத்துக்கு இவ்வளவுதான்னு அளந்து குடுத்தத வச்சு அரிசி பருப்புலேருந்து விசேஷம் வரைக்கும் ஓட்டணும், அதுக்குப் பேரு இன்னைக்கு பட்ஜெட். சீதனப் பணத்தை கடையில வட்டிக்குப் போட்டு வரவு வைப்பாங்க. லெட்ஜருக்கு பேரேடு, பேலன்ஸ் ஷீட்டுக்கு ஐந்தொகைன்னு கணக்குக்கு நல்ல தமிழ் வார்த்தை வச்சிருந்த ஊரு இது. ஆனா வீட்டுக்கணக்கு பாத்த ஆச்சிக்கு கடையில நாற்காலி போடல.

அந்த நாற்காலி பிரச்சனை இன்னும் தீரல. பக்கத்துல பள்ளத்தூர்ல வேர் விட்ட பெரிய தொழில் குடும்பமான முருகப்பா குடும்பத்துல எம்.வி. முருகப்பன் 2017ல காலமான பிறகு அவரோட மகள் வள்ளி அருணாச்சலம் குடும்பத்தோட பங்குகளை வச்சிருக்கிற ஹோல்டிங் கம்பெனி போர்டுல இடம் கேட்டாங்க, 2020 செப்டம்பர்ல பங்குதாரர் கூட்டத்துல ஓட்டு எடுத்து வேண்டாம்னு சொன்னாங்க, 2023லதான் ரெண்டு பக்கமும் பேசி சமரசம் ஆச்சு. அணுசக்தித் துறையில படிச்ச என்ஜினியர் அவங்க. பட்டியலிட்ட கம்பெனி போர்டுல ஒரு பெண்ணாவது இருக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டமே சொல்லுது, ஆனா குடும்பத்துக்குள்ள இருக்கிற பிரைவேட் கம்பெனிக்கு அந்த விதி வராது, அங்க மனசுதான் வரணும். அதே நேரம் இதே காரைக்குடியில மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி பங்களாவை ஹெரிட்டேஜ் ஹோட்டலா நடத்தி, செட்டிநாட்டு சாப்பாட்டுக்காகவே வெளிநாட்டுல இருந்து ஆள் வர வச்சாங்க, விசாலாட்சி ராமசாமி ஆச்சி அழிஞ்சுக்கிட்டு இருந்த கொட்டான்ங்கிற ஓலைக்கூடை பின்னுற வேலையை கிராமத்துப் பெண்களுக்கு சொல்லிக்குடுத்து மறுபடி வருமானம் ஆக்குனாங்க. முன்னேற்றம் இல்லேன்னு நான் சொல்ல வரல.

இப்ப ரெண்டாவது விதம். பலகாரம் போடுற ஒரு அக்கா, தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் எல்லாம் கை மணம் அப்படி இருக்கும். கிலோ 400க்கு குடுக்குறாங்க. "அரிசி உளுந்து எண்ணெய் வெண்ணெய் எல்லாம் 230 ஆடிட்டரம்மா, 170 லாபம்"னு சொன்னாங்க. உக்காந்து எழுதுனோம். கேஸ், டப்பா, ஆட்டோ சேர்த்து 50. உதவிக்கு வர்ற புள்ளைக்கு சம்பளம் கிலோவுக்கு 40. மிச்சம் 80. உங்க கூலி எங்க அக்கான்னு கேட்டேன். "எனக்கு எதுக்கு கூலி, என் வேலைதானே"ன்னாங்க. நாளைக்கு உங்களுக்கு முடியாம போயி ஒரு மாஸ்டர் வச்சா எவ்வளவு குடுப்பீங்கன்னு கேட்டதும் யோசிச்சு, 10 கிலோவுக்கு 600 கேப்பாங்கன்னாங்க. அப்ப கிலோவுக்கு 60. மிச்சம் 20. நூறு கிலோவுல அஞ்சு கிலோ உடைஞ்சு திரும்பி வருதுன்னா அந்த 20ம் போச்சு. அக்கா கொஞ்ச நேரம் அந்த பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

இதே அக்கா மகளிர் குழுவுல பொருளாளர், குழு நோட்டுல ஒரு ரூபா பிசகாது! அடுத்தவங்க காசுன்னா எழுதுறாங்க, தன் காசுன்னா எழுதுறதில்ல. எங்கிட்ட வர்ற பெண்கள்ல பாதிப் பேர் இப்படித்தான்.

லோனுக்குப் போனா வேற சிக்கல். வீடு அரண்மனை மாதிரி இருக்கும், ஆனா இருபது பங்காளி கையெழுத்து இல்லாம ஒரு ஜன்னலைக்கூட அடமானம் வைக்க முடியாது. அதனால அடமானம் இல்லாத கடன் எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. சிறு தொழில் கடன்ல ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும் சொத்து ஜாமீன் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு, முத்ராங்கிற மத்திய அரசுத் திட்டக் கடனும் அதே மாதிரிதான். பிஎம்இஜிபின்னு சொல்ற பிரதமரோட வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துல, கிராமத்துல தொழில் தொடங்குற பெண்ணுக்கு மானியம் 35 சதவீதம், டவுன்ல 25, கைக்காசு 5 சதவீதம் போதும், மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க, புதுசா ஆரம்பிக்கிற தொழிலுக்குத்தான் அது, ஏற்கனவே ஓடுறதுக்கு இல்ல. உத்யம் பதிவு இலவசம், அதுக்கு யாராவது ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா குடுக்காதீங்க. பெங்களூருக்கு பலகாரம் அனுப்பி விக்கிறீங்கன்னா, வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டுனாத்தான் ஜிஎஸ்டி பதிவுங்கிற கணக்கு ஓடாது, வெளி மாநிலத்துக்கு சரக்கு வித்தாலே ஜிஎஸ்டி பதிவு வேணும், இத தெரியாம மாட்டுனவங்க நிறைய. அப்புறம் சொத்து. இந்துக் குடும்பத்துல மகளுக்கும் மகனுக்கு சமமா பூர்வீகப் பங்கு உண்டுன்னு தமிழ்நாட்டுல 1989லயே சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆன பெண்ணுக்கும் 2005 மத்திய சட்டம் குடுத்துச்சு, 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லேன்னு 2020ல சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிருச்சு. பங்கை விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து கேட்டா, வீட்டுக்குக் கொண்டு போயி படிச்சுட்டு வர்றேன்னு சொல்றது தப்பு இல்ல.

அந்தப் பலகார அக்கா கிலோ 460 ஆக்குனாங்க. ரெண்டு கடை நிறுத்திருச்சு, மத்தவங்க வாங்குறாங்க. க்யூஆர் ஸ்டிக்கரை அவங்க கணக்குக்கு மாத்தியாச்சு, அதுக்கு வீட்டுல ஒரு வாரம் பேச்சு நடந்துச்சாம். போன வாரம் மாவு பிசையிற மெஷினுக்கு ரெண்டு கொட்டேஷன் கொண்டு வந்தாங்க, முத்ராவுக்கு எழுதிக்கிட்டு இருக்கோம், இந்தத் தடவை ஃபாரத்தை அவங்களே நிரப்புறாங்க.