மகரந்தம் இல்லாத பூ: வெங்காய வீரிய ஒட்டு விதை உருவாகும் விதம்

வெங்காயப் பூ ஒன்றில் ஆறு மகரந்தப்பைகள் இருக்கும். அத்தனையையும் இடுக்கியால் பிடுங்கி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவினாலும் கிடைப்பது அதிகபட்சம் ஆறு விதைகள்தான். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் நாள்கணக்கில் விரிந்துகொண்டே இருப்பதால், கையால் ஒட்டு விதை (இரு ரகங்களைக் கலந்து பெறும் விதை) எடுப்பது கட்டுப்படியாகாது. மகரந்தமே உருவாகாத செடி கிடைத்தால் இந்த வேலையே இல்லை.

அப்படியொரு செடியை 1925இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் வெங்காய ஆராய்ச்சியாளர் ஹென்றி ஜோன்ஸ் கண்டார். அது பூங்கொத்தில் சிறு வெங்காயக் குமிழ்களையும் விட்டதால், விதையில்லாமலே அதைப் பெருக்க முடிந்தது. அதன் பரம்பரை விதியை 1943இல் அவரும் உடன் ஆய்வாளர் கிளார்க்கும் வெளியிட்டனர்.

மகரந்தம் உருவாகாத இந்த மலட்டுத்தன்மைக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, சைட்டோபிளாசம் (செல்லில் உட்கருவைச் சுற்றியுள்ள பொருள்) எஸ் எனப்படும் மலட்டு வகையாக இருக்க வேண்டும். கோளாறு அதிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பில்) இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகவே வரும். மற்றொன்று, உட்கருவில் எம்எஸ் மரபணுவின் இரு பிரதிகளும் ஒடுங்கு வடிவில் (ஓங்கு பிரதி உடனிருந்தால் வெளிப்படாத வடிவில்) இருக்க வேண்டும். ஓங்கு பிரதி ஒன்று வந்தாலும் மகரந்தம் திரும்பிவிடும்.

மலட்டுச் செடி தன் மகரந்தத்தால் விதை பிடிக்காது. ஆகவே அதைப் பெருக்கப் பராமரிப்பு வரிசை (மலட்டுத்தன்மையைத் தலைமுறைதோறும் காக்கும் செடிவழி) வேண்டும்: அதே ஒடுங்கு ஜோடி, ஆனால் இயல்பான என் சைட்டோபிளாசம். அதன் மகரந்தத்தை மலட்டுச் செடிக்குக் கொடுத்தால் பிறப்பவை எல்லாம் மலடு. மூன்றாவதாக வருவது, வீரிய ஒட்டின் தந்தை வரிசை. வெங்காயத்தில் அறுவடை கிழங்குதான். ஒட்டுச்செடி மலடாக இருந்தாலும் நட்டமில்லை. மிளகாயில் காய்தான் விளைச்சல் என்பதால், தந்தை வரிசையில் வளமீட்பு மரபணு (மகரந்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் மரபணு) கட்டாயம் இருக்க வேண்டும்.

உண்மையான சிரமம் பராமரிப்புச் செடியைத் தேடுவதில்தான். வெளித்தோற்றத்தில் என் சைட்டோபிளாசச் செடிக்கும், ஓங்கு மரபணு உள்ள எஸ் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டிலும் மகரந்தம் இருக்கும். சந்தேகச் செடி ஒவ்வொன்றின் மகரந்தத்தையும் தெரிந்த மலட்டுச் செடியில் இட்டு, சந்ததியைப் பார்க்க வேண்டும். எல்லாம் மலடானால் மகரந்தம் தந்த செடியில் ஒடுங்கு ஜோடி உண்டு. அந்தச் செடியே மகரந்தம் தருவதால் அதன் சைட்டோபிளாசம் என் வகைதான். பாதி மலடு என்றால் ஒரு பிரதி ஓங்கு. அனைத்தும் வளமானால் ஒதுக்கிவிடலாம். வெங்காயம் விதையிலிருந்து மீண்டும் விதைக்கு வரப் பொதுவாக இரண்டு பருவம் எடுப்பதால், இத்தேடல் வருடக்கணக்கில் இழுக்கும். நாற்றின் இலைத்துண்டிலேயே சைட்டோபிளாச வகையைக் காட்டும் டிஎன்ஏ சோதனை இதில் பெரும் ஆறுதல்.

வயலில் அடிக்கடி தவறுவது வேறு விஷயங்கள். பராமரிப்பு வரிசைக்குள் அந்நிய மகரந்தம் வழியாக ஓங்கு பிரதி நுழைந்தால், மலட்டு வரிசையில் வளமான செடிகள் தலைகாட்டும். அவற்றைப் பூ விரியத் தொடங்கும்போதே காலையில் பிடுங்கிவிட வேண்டும்: மஞ்சள் தூள் கொட்டும் மகரந்தப்பை வளத்தின் அடையாளம், தூளில்லாமல் சுருங்கிக் காய்வது மலடு. சந்தேகமென்றால் அசிட்டோகார்மைன் சாயத் துளியில் நுண்ணோக்கியில் பாருங்கள். நல்ல மகரந்தம் சிவப்பேறும், மலடு நிறமற்ற சக்கையாகத் தெரியும்.

தாய், தந்தை வரிசைகளின் பூக்காலம் பொருந்தாமல் போவதும் விதைப்பிடிப்பைக் குறைக்கும். மகரந்தம் சேகரிக்கும் தேனீக்கள் மலட்டு வரிசையைத் தவிர்த்துவிடுவது இன்னொரு தொல்லை. மிளகாயின் சில மலட்டு வரிசைகளிலோ வெப்பநிலை மாறினால் மகரந்தம் எட்டிப் பார்க்கும். அங்கே விதைத் தூய்மையை ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.