மழுங்கவில்லை, மடங்கியிருக்கிறது

சமையல் பயிற்சிக்கு வருகிறவர்களிடம், முதல் நாளே வீட்டில் புழங்கும் கத்தியைக் கொண்டுவரச் சொல்வேன். எடுத்து நீட்டும்போதே, "இது மழுங்கிப் போச்சு, சாணை பிடிக்கணும்" என்பார்கள். வாங்கி, கத்தி தீட்டுவதற்கென்றே கைப்பிடியோடு வரும் ஸ்டீல் கம்பியில் பக்கத்துக்கு மூன்று முறை இழுத்துவிட்டுத் தக்காளியில் வைப்பேன். தோல் நசுங்காமல் இறங்கும். ஏதோ கண்கட்டு வித்தை என்று பார்ப்பார்கள்.

வித்தை எதுவும் இல்லை. கத்தியின் வாய் மிக மெல்லியது. பலகையில் தட்டித் தட்டி வெட்டும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கூர் தேய்ந்து போகவில்லை, திசைதான் மாறியிருக்கிறது. கத்தியின் வாயை மேல்நோக்கி விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். கூராக இருக்கும் இடம் ஒளியைத் திருப்பாது. எங்கே மெல்லிய வெள்ளிக் கோடு மின்னுகிறதோ, அங்கே வாய் மடங்கியிருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. மடங்கியதை நிமிர்த்துவது கம்பியின் வேலை. தேய்ந்ததைச் சீவிப் புது வாய் எடுப்பது சாணைக்கல்லின் வேலை. நிமிர்த்தினாலே போதும் என்ற நிலையில் சாணைக்குக் கொடுத்தால், நல்ல உலோகம்தான் வீணாகக் கரையும்.

மழுங்கிய கத்தி பத்திரமானது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் இடது ஆள்காட்டி விரலில் உள்ள தழும்பு மழுங்கிய கத்தி போட்டது. தோலில் இறங்காத கத்தியை அழுத்தினேன், வழுக்கியது, அழுத்திய வேகம் முழுவதும் விரலில் இறங்கியது. கூரான கத்தி வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும், பலம் போட வேண்டியதில்லை. வெங்காயம் நறுக்கும்போது கண் எரிவதும் குறையும், ஏனென்றால் அது வெங்காயத்தை நசுக்காமல் வெட்டுகிறது.

சரி, எப்படி இழுப்பது? நான்கைந்தாக மடித்த ஈரத்துணியைப் பலகையில் போட்டு, கம்பியின் நுனியை அதில் ஊன்றி நேராக நிறுத்துங்கள். பிடியை ஒட்டிய கத்திப் பகுதியைக் கம்பியின் மேற்பக்கம் வைக்க வேண்டும். கோணம்தான் முக்கியம். முதலில் குறுக்காக 90 டிகிரியில் வையுங்கள், அதில் பாதி 45, அதிலும் பாதி 22 சொச்சம். அதைவிடக் கொஞ்சம் குறைத்தால் 20 டிகிரி, சாதாரணக் கத்திகளுக்கு அது சரியாக இருக்கும். கம்பியிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதுபோல், கீழ்நோக்கியும் உங்களை நோக்கியும் ஒரே இழுப்பில் நுனிவரை கொண்டுவாருங்கள். அப்புறம் மறுபக்கம். மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை போதும். கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். முடிந்ததும் துணியால் துடையுங்கள், உலோகத்தூள் ஒட்டியிருக்கும். அந்தரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சரக் சரக்கென்று வீசுவது பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் கோணம் மாறும். நான் செய்வதில்லை.

எல்லாக் கத்திக்கும் ஒரே கம்பி ஆகாது. ஜப்பானியக் கத்திகளில் பல, உலோகத்தின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60க்கு மேல் கடினமானவை. அவற்றின் வாய் மடங்குவதைவிடச் சில்லுச் சில்லாக உடைவதே அதிகம். அவற்றுக்கு வரிபோட்ட ஸ்டீல் கம்பி வேண்டாம், வழவழப்பான செராமிக் கம்பி அல்லது நேரே கல்தான். கோணமும் 15 டிகிரி அளவில் வரும். வைரத்தூள் பூசிய கம்பி உண்மையில் சாணைதான், தினமும் இழுத்தால் கத்தியைத் தின்றுவிடும். பல் வைத்த ரொட்டிக் கத்தியையும் செராமிக் கத்தியையும் கம்பிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எத்தனை முறை இழுத்தும், ஒரு தாளை வெட்டிப் பார்த்தால் வெட்டுப்படாமல் கிழிகிறதா? அப்போதுதான் கல் தேவை, 1000 கிரிட் கல்லில் ஆரம்பிக்கலாம் (கிரிட் என்பது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண்). அந்த நாள் தள்ளிப்போக வேண்டுமென்றால், கண்ணாடிப் பலகையிலும் கருங்கல் மேடையிலும் வெட்டாதீர்கள். நறுக்கியதை வழித்துத் தள்ளக் கத்தியின் முதுகைத் திருப்புங்கள். வாயால் வழிப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இன்னொன்று. தீட்டியதும் வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். மழுங்கல் கத்தியை அழுத்திப் பழகிய கை அதே பலத்தைப் போடும். ஒரு மாணவி சொல்ல மறந்துவிட்டார். மறுநாள் காலை கத்தி அவர் கணவரின் கட்டைவிரலைப் பதம் பார்த்திருக்கிறது. "சார், நல்லாத்தான் தீட்டியிருக்கேன்" என்று அடுத்த வகுப்பில் வந்து சொன்னார்.