செனான் விளக்கில் 172 நானோமீட்டர் ஒளி பிறக்கும் வழி

ஒரு மில்லிபாருக்கும் குறைவான அழுத்தத்தில் செனான் வாயுவைக் குழாயில் அடைத்து மின்னிறக்கம் செய்தால் (அதாவது வாயுவினூடே மின்சாரம் பாய்ச்சினால்), புற ஊதாவில் ஓங்கித் தெரிவது 147 நானோமீட்டரில் ஊசிபோல ஒரு கோடு. அதே குழாயில் சில நூறு மில்லிபார் நிரப்பினால் அந்தக் கோடு அமுங்கி, 172 நானோமீட்டரை நடுவாகக் கொண்ட அகலமான பட்டை எழும். வாயு அதேதான். ஆற்றல் கடைசியில் யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

மின்புலத்தில் வேகமெடுத்த எலக்ட்ரான் மோதியதும் செனான் அணு கூடுதல் ஆற்றலை ஏற்று கிளர்வடைகிறது. கிளர்ந்த நிலைகளில் மிகத் தாழ்ந்ததன் ஆற்றல் சுமார் 8.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). அதிலிருந்து ஒளியை உமிழ்ந்து இறங்குவது ஏறத்தாழ முடியாத காரியம். சற்று மேலே, 8.4-இல் உள்ள நிலை ஒளி விடும். ஆனால் அந்த 147 நானோமீட்டர் ஒளியைப் பக்கத்து அணு உடனே விழுங்கிக்கொள்ளும். சுவரை எட்டுமுன் ஒளி பலமுறை கைமாறுகிறது.

அதற்குள் வேறொரு வழி திறக்கிறது. கிளர்ந்த அணுவும் சாதாரண அணுக்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மோதினால், கிளர்ந்ததும் சாதாரணத்தில் ஒன்றும் சேர்ந்து 'எக்சைமர்' என்ற இரட்டை மூலக்கூறாகின்றன. மூன்றாவது மிச்ச ஆற்றலை வாங்கிக்கொண்டு போகிறது. இந்த இரட்டை, ஒளியை உமிழ்ந்த மறுகணமே உடைந்துவிடும். கிளராத இரு செனான் அணுக்கள் பிணைந்து நிற்பதில்லை என்பதால், 172 நானோமீட்டரை மீண்டும் விழுங்க உள்ளே யாரும் இல்லை. இந்த விளக்கின் முழுச் சாமர்த்தியமும் இதில்தான் இருக்கிறது.

மூவர் மோதல் என்பதால் இரட்டை உருவாகும் வேகம் அழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது: அழுத்தம் இரட்டித்தால் வேகம் நான்கு மடங்கு. வாயு சூடானால் அடர்த்தி குறைந்து விளைச்சலும் விழும். எனவே மின்சாரத்தைத் தொடர்ந்து பாய்ச்சாமல், மின்முனைகளுக்கு இடையே குவார்ட்ஸ் சுவரை வைத்து நானோவினாடிக் கணக்கில் நீடிக்கும் மின்னிழைகளாகப் பாய்ச்சுகிறார்கள். சுவரில் சேரும் மின்னூட்டம் ஒவ்வோர் இழையையும் தானே அணைத்துவிடும். உலோகம் வாயுவைத் தொடாததால் மாசும் குறைவு.

மாசுதான் பெரிய எதிரி, இதே முறையில் ஆர்கான் வாயுவை நிரப்பிய விளக்கில் இன்னும் மோசம். 126 நானோமீட்டர் (9.8 எலக்ட்ரான் வோல்ட்) ஒளி தரும் ஆர்கான் இரட்டையின் நீண்டகால வகை சுமார் 3 மைக்ரோவினாடி உயிர்வாழ்கிறது; செனானில் அது வெறும் 0.1 மைக்ரோவினாடி. காத்திருக்கும் நேரம் கூடக்கூட, வழிப்பறிக்கான வாய்ப்பும் கூடும். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பத்து லட்சத்தில் நூறு பங்கு செனான் கலந்தாலே ஆற்றலின் பெரும்பகுதி அதற்குப் போய், ஒளி 147-இன் பக்கம் நகர்ந்துவிடும். மேலிருந்து கீழே பாயும் இந்த ஆற்றல் திரும்பி ஏறாது. சுவரிலிருந்து கசியும் நீராவியும் ஆக்சிஜனும் இதே திருட்டைச் செய்கின்றன, ஒளியைக்கூடத் திருப்பித் தராமல்! குழாயைச் சூடாக்கி வெற்றிடத்தில் உலர்த்தாமல் நிரப்பினால் ஆர்கான் விளக்கு விரைவில் மங்குவது இதனால்தான்.

இதே கைமாற்றத்தை நன்மைக்கும் திருப்பலாம். கிளர்ந்த நியானிடம் 16.6 எலக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. ஆர்கானை அயனியாக்க 15.8 போதும். நியானில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆர்கான் சேர்த்தால் மின்னிறக்கம் தொடங்கத் தேவையான மின்னழுத்தம் கணிசமாக இறங்கும். பென்னிங் விளைவு என்பது இதுதான்.

பிறந்த ஒளியை வெளியே கொண்டுவருவது தனிப்பாடு. 172-க்குச் செயற்கைக் குவார்ட்ஸ் வேண்டும். சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். 126-க்கு மெக்னீசியம் ஃபுளோரைடு சாளரம். நியான் அணு 74 நானோமீட்டரில் விடும் ஒளியைக் கடத்தும் படிகச் சாளரமே இல்லை. சாளரத்தைத் தாண்டினாலும் 172 நானோமீட்டர் ஒளியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் சில மில்லிமீட்டருக்குள் குடித்து, ஓசோனாக மாறுகிறது. ஆகவே பொருளை விளக்கின் அருகில் வைத்து, இடைவெளியில் நைட்ரஜனை ஓட்டுகிறார்கள். ஓசோனை வெளியேற்றவும் தனிக் குழாய் வேண்டும்.