வாடகை அக்கவுண்டில் தொடங்காதீர்கள்: நைரோபியில் ஃப்ரீலான்சிங்குக்கு வருபவர்களுக்கு

கென்யாவில் தனிநபர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜூன் 30. அதற்கு முந்தைய வாரங்களில் நைரோபியில் என்னைப் போன்ற கணக்காளர்களைத் தேடி வருபவர்களில் ஆன்லைனில் வேலை செய்யும் இளைஞர்கள் இப்போது நிறைய. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தருவது (டிரான்ஸ்கிரிப்ஷன்), டேட்டா என்ட்ரி, வீடியோ எடிட்டிங், வெப்சைட் வேலை, கட்டுரை எழுதுவது என்று ஆளுக்கொரு தொழில். கிளையண்ட் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருப்பார். பணம் கடைசியில் கைபேசிப் பணச் சேவையான எம்-பெசாவுக்கு வந்து சேரும். வரியைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார்கள். பேசப் பேச வேறொன்று வெளியே வரும்: அவர்கள் உழைத்த அக்கவுண்ட் அவர்களுடையதே இல்லை.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கிளையண்டையும் வேலை செய்பவரையும் இணைக்கும் அப்வொர்க் போன்ற ஆன்லைன் தளத்தில் புதிதாகச் சேர்பவருக்கு முதல் வேலை கிடைப்பதுதான் பெரும்பாடு. ரேட்டிங் இல்லாதவரை கிளையண்ட் எடுப்பதில்லை, வேலை கிடைக்காமல் ரேட்டிங் வருவதில்லை. விண்ணப்பம் போடவே 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கன்கள் வேண்டும். அதில் ஒன்றின் விலை 15 அமெரிக்க சென்ட், ஒரு விண்ணப்பத்துக்குப் பல தேவைப்படும். சில தளங்கள் கென்யாவிலிருந்து ஆளே சேர்ப்பதில்லை. இப்படித் தடுமாறி நிற்கும் பையனிடம் ஒரு சீனியர் வந்து, "என்னிடம் ஒரு அக்கவுண்ட் இருக்கிறது, நீ வேலையை மட்டும் செய்" என்கிறார்.

தீக்கா சாலையை ஒட்டி ரொய்சாம்பு, கஹாவா, ஜூஜா என்று மாணவர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில் இது ஒரு சந்தையாகவே நடக்கிறது. கென்யாட்டா பல்கலைக்கழகமும் ஜோமோ கென்யாட்டா வேளாண்மை தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அந்தப் பக்கம்தான். டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்களில் 'வெரிஃபை' செய்த, அதாவது தளம் அடையாளத்தைச் சரிபார்த்துவிட்ட, அக்கவுண்டுகளுக்கு விளம்பரம் வரும். சிலர் முழு விலைக்கு விற்பார்கள், சிலர் மாத வாடகைக்கு விடுவார்கள், சிலர் வருமானத்தில் பங்கு கேட்பார்கள். அமெரிக்கப் பெயரில் இருக்கும் அக்கவுண்ட் என்றால் இருக்கும் இடத்தை மறைக்கும் வி.பி.என். போட்டு, தான் அமெரிக்காவில் இருப்பதுபோல் நுழைய வேண்டும்.

அப்புறம் ஒரு நாள் தளம் அடையாளச் சோதனை கேட்கும். அரசு அடையாள அட்டை, செல்ஃபி, சில நேரம் வீடியோ கால். அட்டையில் இருக்கும் முகமும் கேமரா முன்னால் இருக்கும் முகமும் வேறு. அக்கவுண்ட் மூடப்படும், உள்ளே இருக்கும் டாலர் அங்கேயே முடங்கிவிடும். விற்றவர் அதற்குள் தன் டெலிகிராம் பெயரை மாற்றியிருப்பார்.

சோதனையே வராவிட்டாலும் நிலைமை நல்லதில்லை. என்னிடம் வந்த ஒரு பெண் ஒரு வாடகை அக்கவுண்டில் நீண்ட காலம் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்தவர். வேலை சுத்தம், கிளையண்டுகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அக்கவுண்ட் உரிமையாளரோடு பங்குத் தொகையில் தகராறு வந்ததும் அவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். அந்தப் பெண்ணின் உழைப்பில் வந்த ஐந்து நட்சத்திர மதிப்பீடுகள் எல்லாம் இன்னொருவர் பெயரில் இருக்கின்றன. தன் திறமையைக் காட்ட அவரிடம் ஒரு வரிகூட இல்லை. புகார் கொடுக்கவும் தயக்கம்: தளத்தின் விதிப்படி அக்கவுண்டைப் பகிர்வதே தவறு. அதுபோக, ஏமாற்றும் நோக்கில் இன்னொருவர் அடையாளத்தைப் பயன்படுத்துவது கென்யாவின் 2018ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரை அந்த வழியில் இழுத்துவிட்டவர்கள்மேல்தான் வருகிறது.

பணத்தின் தடத்தையும் பாருங்கள். டாலர் முதலில் அக்கவுண்ட் உரிமையாளரின் பேயோனியர் (வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஆன்லைன் சேவை) கணக்குக்குப் போகிறது, அங்கிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அவர் எம்-பெசாவில் அனுப்புகிறார். உழைத்தவரின் ஸ்டேட்மென்டில் தெரிவது யாரோ ஒரு தனிநபர் அவ்வப்போது அனுப்பிய தொகைகள் மட்டும்தான். வங்கிக் கடனுக்கோ விசாவுக்கோ வருமானச் சான்று கேட்டால் அதை வைத்து என்னால் எதுவும் எழுதித் தர முடியாது.

கட்டுரை எழுதும் தொழிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 'அகாடமிக் ரைட்டிங்' என்ற பெயரில் வெளிநாட்டு மாணவர்களின் அசைன்மென்டை எழுதிக் கொடுப்பது நைரோபியில் பல ஆண்டுகளாகப் பலருக்குச் சோறு போட்ட வேலை. ஆனால் இதை விற்பதை ஆஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் சட்டப்படி குற்றமாக்கிவிட்டன. இதில் எழுதியவர் எதையும் தன்னுடையது என்று காட்டவும் முடியாது. இப்போது ஏ.ஐ. வந்து விலையையும் கீழே தள்ளுகிறது. ஆங்கிலம் நன்றாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் தொடக்கத்திலேயே இதைத் தவிர்த்து, கம்பெனி வலைப்பக்கங்கள், பொருள் விவரங்கள், எடிட்டிங் பக்கம் போவது நல்லது.

ஒரே தளத்தை நம்புவதும் ஆபத்து. ஏ.ஐ.க்கான டேட்டா லேபிளிங் (படம், எழுத்து போன்ற தரவுகளுக்குக் குறிப்புப் போடும்) வேலை தந்த ரிமோடாஸ்க்ஸ் தளம் 2024 மார்ச்சில் கென்யாவில் சேவையை நிறுத்தியது. அதையே முழு வருமானமாக வைத்திருந்தவர்களுக்கு அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாமல் போனது.

சரி, சொந்தப் பெயரில் எப்படித் தொடங்குவது? மெதுவாகத்தான், வேறு வழியில்லை. மாதிரி வேலைகளுக்கு முதலில் உள்ளூரைப் பாருங்கள். நைரோபியின் வெஸ்ட்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சின்ன ஹோட்டலின் மெனு, பக்கத்துப் பள்ளியின் வெப்சைட், ஒரு டூர் கம்பெனியின் வீடியோ. குறைந்த பணத்துக்குச் செய்தாலும் உங்கள் பெயர் போட்டுக் காட்ட அனுமதி வாங்கிவிடுங்கள். கென்ய அரசின் அஜிரா டிஜிட்டல் திட்டம் 2016இல் தொடங்கியது, பயிற்சி இலவசம். பயிற்சிக்கென்று பெரிய தொகை கேட்பவர்களிடம் போவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள். வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்பு என்று எவர் சொன்னாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளியே டெலிகிராமுக்கு வா, பணத்தை கிரிப்டோவில் தருகிறேன் என்பவர்களும் இதே ரகம்.

வீட்டில் யாரும் சொல்லித் தராதது, பணம் வர எவ்வளவு நாளாகும் என்பது. அப்வொர்க்கில் நிலையான விலைக்கு எடுத்த வேலை என்றால், கிளையண்ட் முதலிலேயே தொகையைத் தளத்தில் கட்டி வைத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வேலையை ஒப்படைத்த பிறகு அவர் பார்த்துச் சொல்ல 14 நாள், விடுவித்த பிறகு இன்னும் 5 நாள் காத்திருப்பு. ஃபைவர் என்ற இன்னொரு தளத்தில் வேலை முடிந்து பொதுவாக 14 நாள், அதிலும் 20 சதவீதம் தளத்துக்கு. அப்வொர்க் 2023 மேயில் கட்டணத்தை 10 சதவீதமாக ஒன்றாக்கி, 2025 மேயிலிருந்து புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை மாறுவதாக வைத்திருக்கிறது. ஆக, இன்று கிடைத்த வேலையின் காசு அடுத்த மாதம்தான் கைக்கு வரும். மூன்று மாதச் செலவுக்கு ஏதாவது கையில் இல்லாமல், இப்போது பார்க்கிற வேலையை விடாதீர்கள். வாடகை அக்கவுண்டுக்குப் போனவர்களில் பலரை அங்கே தள்ளியது இந்த இடைவெளிதான்.

எம்-பெசாவில் இன்னொரு விஷயம். எம்-பெசாவிலேயே கிடைக்கும் ஃபுலிசா என்ற ஓவர்டிராஃப்ட் கடன் நிலுவை இருந்தால், உள்ளே வரும் எந்தப் பணமும் முதலில் அதற்குப் போய்விடும். கிளையண்ட் பணத்தை நேரே அங்கே இறக்காமல் ஒரு வங்கிக் கணக்குக்குக் கொண்டுவந்து, செலவுக்குத் தேவையானதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். டாலர் விலையையும் நம்பித் திட்டம் போடக் கூடாது. 2024 ஜனவரியில் ஒரு டாலர் 160 ஷில்லிங்கை ஒட்டி இருந்தது, சில மாதங்களிலேயே 130 பக்கம் இறங்கியது. 500 டாலர் சம்பாதித்தவருக்கு வேலை மாறாமலே மாதம் சுமார் 15,000 ஷில்லிங் குறைந்துபோனது.

இனி வரி. நைரோபியில் உட்கார்ந்து செய்யும் வேலையின் வருமானம், கிளையண்ட் எந்த நாட்டில் இருந்தாலும், கென்யாவில் வரிக்கு உட்பட்டது. கே.ஆர்.ஏ. (கென்ய வருவாய் ஆணையம்) தரும் பின் என்ற வரி எண்ணை வாங்கிய பலர் ஆண்டுதோறும் 'நில்', அதாவது வருமானமே இல்லை, என்று தாக்கல் செய்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். வருமானம் இருக்கும்போது அது பொய்க் கணக்கு. உண்மையில் பயமே தேவையில்லை: மாதம் 24,000 ஷில்லிங் வரை 10 சதவீதம், தனிநபர் கழிவு மாதம் 2,400. அந்த அளவு வரை கட்ட வேண்டிய வருமான வரி ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிறிய வருமானத்தையும் ஒழுங்காகக் காட்டித் தாக்கல் செய்தால், அடுத்த ஆண்டுகளில் வங்கி முன்னால் வைக்க உங்கள் பெயரில் ஒரு வரலாறு இருக்கும். தாமதமானால் தனிநபருக்குக் குறைந்தது 2,000 ஷில்லிங் அபராதம். லேப்டாப், இன்டர்நெட் செலவைக் கழிக்க வேண்டுமானால் 2024இலிருந்து கே.ஆர்.ஏ.வின் மின்னணு பில் முறையான ஈ-டிம்ஸ் வழியாக வந்த பில் வேண்டும். கடையில் வாங்கும்போதே கேளுங்கள், பிறகு கேட்டால் தர மாட்டார்கள். 2024 அக்டோபரில் வந்த புதிய சமூக சுகாதாரக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள், சம்பளம் இல்லாதவருக்கும் குறைந்தது மாதம் 300 ஷில்லிங் கணக்கில் சந்தா உண்டு.

மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் மாற்று ஏற்பாடு வைத்திருங்கள். 2024 மே 12 அன்று ஈஸி, சீகாம் ஆகிய கடலடிக் கேபிள்கள் அறுந்து கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க இணையம் தவழ்ந்தது. அதே ஆண்டு ஜூன் 25 அன்று, வரி உயர்வுக்கு எதிரான போராட்ட நாளிலும் துண்டிப்பு இருந்தது.  ஒப்படைக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னதாக முடிக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் அன்று தப்பித்தார்கள்.

நைஜீரியாவிலும் கதை வேறல்ல. 2014இல் பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை அங்கே வந்தபோது பணம் அனுப்ப மட்டுமே வழி இருந்தது, வாங்க வழியில்லை. அதனால் பலர் லெசோத்தோ போன்ற வேறு நாட்டு விவரம் கொடுத்துக் கணக்குத் திறந்தார்கள், கணக்கு முடங்கியபோது பணமும் முடங்கியது. அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியதில் தளங்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து.

கென்யாவில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் ஒரு சொல். கணவரின் வேலை பெர்மிட்டை ஒட்டி, குடும்பத்தினருக்குத் தரும் டிபென்டன்ட் பாஸில் வந்த சகோதரிகள் பலர் வீட்டிலிருந்து ஆன்லைன் வேலை செய்யலாமா என்று கேட்கிறார்கள். அந்தப் பாஸ் வேலைக்கான அனுமதி தருவதில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென 2024இல் 'என்' வகுப்பு பெர்மிட் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்று குடிவரவு ஆலோசகரிடம் கேட்ட பிறகு முதல் இன்வாய்ஸை அனுப்புங்கள். தெரிந்த கென்யப் பெண்ணின் பெயரில் அக்கவுண்ட் எடுத்துச் செய்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள்.

ஏற்கனவே வாடகை அக்கவுண்டில் இருப்பவர்களுக்கு: கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுங்கள், புது ஒப்பந்தம் எடுக்காதீர்கள். வர வேண்டிய பணத்தைத் தேதி வாரியாக எழுதி, உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உங்கள் அடையாள அட்டையின் நகலை யாருக்காவது கொடுத்திருந்தால் அது எங்கெல்லாம் பயன்படுகிறது என்று விசாரியுங்கள். பழைய அக்கவுண்டைத் திறந்த அதே லேப்டாப்பில் புதியதைத் திறந்தால் தளம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். அதனால் பழையதிலிருந்து முழுவதுமாக வெளியேறி, உங்கள் பெயர், உங்கள் முகம், உங்கள் ஊர் போட்டு ஒன்றே ஒன்றைத் திறங்கள். இதுவரை வந்த எம்-பெசா தொகைகளின் ஸ்டேட்மென்டை எடுத்துக்கொண்டு ஒரு கணக்காளரிடம் போங்கள், பழைய ஆண்டுகளின் 'நில்' தாக்கலைத் திருத்த வழி இருக்கிறது.