காப்பீட்டு அட்டை மாத்திரை போடாது

போன மாதம் ஒரு ராத்திரி, கோத்தகிரிப் பக்கம் இலை பறிக்கப் போகும் ஓர் அம்மாவைத் தூக்கிவந்தார்கள். வாய் கோணியிருந்தது, வலது கை துணிபோலத் தொங்கியது. பிரஷர் 220/120. கணவர் முதலில் நீட்டியது, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டை.

"கார்டு இருக்குங்க டாக்டரம்மா, அஞ்சு லட்சம் வரைக்கும் பாத்துக்குவாங்களாம்."

மாத்திரைச் சீட்டைக் கேட்டேன். பிரஷர் மாத்திரையை நாலு மாதமாகப் போடவில்லை. காலையிலேயே கை மரத்திருக்கிறது. குளிர் என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். இது பக்கவாதம். மூளையை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, ஆரம்பித்ததிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. இந்த மழைக்காலத்தில் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது.

எல்லாருக்கும் அரசே காப்பீடு கொடுக்க வேண்டுமா என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். கொடுக்கட்டும். 2009ல் கலைஞர் காப்பீடு வரும்முன் இதய ஆபரேஷன் என்றால் தாலிக்கொடிதான் அடகுக்குப் போகும். இந்த அட்டை வாங்க இப்போதைய குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எஸ்டேட் வேலைக்குப் போனால் கணக்குப்படி அதைத் தாண்டிவிடும். அந்த வரம்பை எடுத்துவிடலாம் என்பதுதான் என் கருத்து.

ஆனால் அட்டை என்றால் என்ன என்பது மட்டும் யார் தலையிலும் ஏற மாட்டேன் என்கிறது. அது பேங்க் பாஸ்புக் இல்லை. "அதுல எவ்வளவு மிச்சம் இருக்கு பாருங்க, சுகர் டெஸ்டுக்குக் கழிச்சுக்கோங்க" என்று ஒருவர் கேட்டார். கழிக்க முடியாது ஐயா! திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத்தான் அது பேசும். சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டுப் போகிற சாதாரண வைத்தியத்துக்கும் மெடிக்கலில் வாங்கும் மருந்துக்கும் பேசாது. அதாவது, விழுந்தபிறகு தூக்கும், விழாமல் பிடிக்காது. அரசு ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டத் தேவையில்லை என்பதும் தப்பு. காட்டுங்கள், அந்தப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கே வரும். (கிளெய்ம் போட எங்கள் ஆட்கள் சோம்பல்படுவதும் உண்டு, அதை இன்னொரு நாள் திட்டுகிறேன்.)

2025ல் ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தது பெரிய விஷயம்தான். ஆனால் பிரஷர் மாத்திரைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஒரு நாள் கூலி போகுமே என்று நிறுத்தாதீர்கள். நர்ஸம்மாவிடம் சொன்னால் வழி செய்வார்.

வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சு குழறினால் தைலத்தைத் தொடாதீர்கள். 108க்கு அடியுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துவையுங்கள். புது மருமகளின் பெயரை ரேஷன் கார்டில் சேர்த்து, அப்படியே காப்பீட்டிலும் ஏற்றுங்கள். பிரசவச் சிக்கலின்போது தாலுகா ஆபீஸுக்கு ஓட முடியாது.

அப்புறம், அட்டை இருக்கும் அந்த பிளாஸ்டிக் கவரிலேயே மாத்திரைச் சீட்டையும் வையுங்கள். ராத்திரியில் வரும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான்.