திருவக்கரையில் மரம் ஏன் மக்கவில்லை?

பள்ளிச் சுற்றுலாவில் திருவக்கரைக்குப் போய்வந்த மாணவி ஒருத்தி இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறாள். மரம் எப்படிக் கல்லாகும்? அந்த அடிமரங்களை வட்டவட்டமாக அறுத்துப் போட்டது யார்?

விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் திருவக்கரை. சம்பந்தர் பாடிய சந்திரமௌலீசுவரர் கோயிலுக்கும், அங்குள்ள வக்கிரகாளிக்கும் கூட்டம் போகும். ஊருக்கு வெளியே செம்மண் மேட்டில், ஏறத்தாழ 250 ஏக்கரில் பரந்திருக்கும் கல்மரப் பூங்காவில் அவ்வளவு கூட்டம் இருக்காது. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா 1781இலேயே இந்தக் கல்மரங்களைப் பதிவு செய்துவிட்டார். இப்போது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காவல் காக்கிறது.

வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஒரு காலத்தில் உயிரோடு இருந்த ஒன்றின் மிச்சம் இது என்பதை எவரோ கண்டுகொண்டிருக்கிறார். ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். ஒரு சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. கிளை, பட்டை, வேர் எதுவும் இல்லாமல் எல்லாம் படுத்தே கிடக்கின்றன. எங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து, மணலில் புதைந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. புளிய மரத்தின் உறவுக்காரர்களும் இவற்றில் உண்டு.

மரம் மக்கக் காளானும் பாக்டீரியாவும் வேண்டும். அவை வேகமாக வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். நீர் ஊறிய மணலுக்கடியில் அது அரிது. மக்குவது நிற்கவில்லை, ஆனால் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டது. அந்த இடைவெளியில்தான் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், உள்ளே நுழைந்தது.

பாறையில் உள்ள தாதுக்கள் மழைநீரில் சிதையும்போது சிலிக்கா கரைந்து நிலத்தடி நீரில் சேர்கிறது. லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் இருந்தால் அதிகம். அந்த நீர், ஒரு காலத்தில் வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றிய அதே குழாய்களின் வழியாக மரத்துக்குள் ஊறுகிறது. செல்சுவரைக் கட்டியிருக்கும் செல்லுலோஸிலும் லிக்னினிலும் ஹைட்ராக்சில் குழுக்கள், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடிகள், நீட்டிக்கொண்டிருக்கின்றன. கரைந்த சிலிக்காவிலும் அவை உண்டு. இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்ள, செல்சுவர்மேல் கூழ் போன்ற மெல்லிய பூச்சு படிகிறது, அதன்மேல் இன்னொன்று.

சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மெழுகு உருவத்தின்மேல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். இங்கே மண்ணும் சிலிக்காதான், உலோகமும் சிலிக்காதான். செல்சுவர் துளித்துளியாகச் சிதைய, காலியாகும் இடத்தைச் சிலிக்கா அப்போதைக்கப்போதே பிடித்துக்கொள்கிறது. மெழுகு ஒரேயடியாக வடிந்துவிடும். மரம் அப்படிப் போகவில்லை. எல்லாம் ஒரே நாளில் மக்கியிருந்தால் மணல் இடிந்து விழுந்திருக்கும், நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. போகிறவன் வாசலைத் தாண்டுவதற்குள் வருகிறவன் வந்து உட்கார்ந்தான், அதனால்தான் வீடு குலையவில்லை! முதலில் படிந்தது ஓபல் என்ற நீர் கலந்த சிலிக்கா. நீரை மெல்ல இழந்து அது குவார்ட்ஸ் என்ற கெட்டிப் படிகம் ஆனது. செந்நிறமும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடின் கைவண்ணம்.

துண்டு ஒன்றை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், நீர்க்குழாயின் துளைகள் வரிசையாகத் தெரியும். மரத்தின் குடும்பத்தைச் சொல்வது இதை வைத்துத்தான். தேய்க்கும் இயந்திரமும் நுண்ணோக்கியும் ராக்கெட் விலை அல்ல. பூங்கா வாசலிலேயே ஒரு சிறு கூடம் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பழங்காலத் தாவரங்களின் மிச்சங்களை ஆராயும் தொல்தாவரவியல் என்றால் மட்டும் நம் நிதிப்பையின் முடிச்சு ஏன் அவிழ மறுக்கிறதோ!

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மரம் வளையும், குவார்ட்ஸ் வளையாது. புதைந்த மண் அமுங்கியபோதும், மேல்மண் அரித்துப் பாரம் குறைந்தபோதும் நீண்ட கல்தண்டு சுண்ணக்கட்டி போலக் குறுக்கே முறிந்தது. ரம்பம் பிடிக்க அங்கே யாரும் இல்லை, தங்கையே. 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மனிதனே இல்லை.