ஃபோர்ட்டிகேட் 7.6.3: அப்டேட் போடும் முன் வி.பி.என்.னைப் பாருங்கள்

சிறு நிறுவனங்களின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் வேலை. என்னிடம் இருக்கும் பல இடங்களில் ஓடுவது மேசைமேல் அடங்கிவிடும் ஃபோர்ட்டிகேட் 40எஃப் அல்லது 60எஃப் ஃபயர்வால், அதாவது ஆபீஸ் நெட்வொர்க்கை இணையத்திலிருந்து காக்கும் கருவி. "புது வெர்ஷன் வந்திருக்காமே, அப்டேட் போட்டுடலாமா சார்?" என்று அடிக்கடி போன் வரும். போடத்தான் வேண்டும். ஆனால் அதன் மென்பொருளான ஃபோர்ட்டிஓஎஸ்ஸின் 7.6 வரிசைக்குப் போகிறவர்கள் முதலில் ஒன்றைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஆபீஸ் சர்வருக்குள் வர எஸ்.எஸ்.எல். வி.பி.என். வைத்திருக்கிறீர்களா? அப்டேட் முடிந்து ஃபயர்வால் திரும்ப எழும்போது அது இருக்காது.

7.6.0 வந்தபோதே 2 ஜி.பி. ரேம் உள்ள சிறிய மாடல்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த 7.6.3, லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் அதன் டனல் முறையை எல்லா மாடல்களிலும் நீக்கியது. அதற்குப் பதில் ஐபிசெக் என்ற இன்னொரு வகை வி.பி.என். பழைய செட்டிங்ஸ் தானாகப் புதிய முறைக்கு மாறாது, அப்டேட்டுக்கு முன்பே நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ரிலீஸ் நோட்ஸில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் எடுத்தார்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: எஸ்.எஸ்.எல். வி.பி.என். என்பது இணையத்தைப் பார்த்து இரவும் பகலும் திறந்திருக்கும் ஒரு வெப் பக்கம். பாஸ்வேர்டு சரியா என்று பார்ப்பதற்கு முன்பே, வந்தவர் அனுப்பியதையெல்லாம் அது வாங்கிப் படித்தாக வேண்டும். அங்கே ஓட்டை விழுந்தால் பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. சிவிஇ-2018-13379 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அப்படிப்பட்டது. லாகின் செய்யாமலே ஃபயர்வாலுக்குள் இருந்த கோப்பைப் படிக்க முடிந்தது. அதில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அப்படியே கிடந்தன. திருத்தம் 2019 மே மாதமே வந்துவிட்டது. ஆனாலும் 2021 செப்டம்பரில் சுமார் 87,000 ஃபோர்ட்டிகேட்களின் வி.பி.என். லாகின் விவரங்கள் வெளியே கொட்டப்பட்டன. விவரம் களவு போன பிறகு திருத்தம் போட்டு, பாஸ்வேர்டை மட்டும் மாற்றாமல் விட்டவர்களின் கதவு திறந்தே கிடந்தது. அடுத்து 2022 டிசம்பர், 2023 ஜூன், 2024 பிப்ரவரி என்று அதே எஸ்.எஸ்.எல். வி.பி.என். பகுதியில் மூன்று பெரிய ஓட்டைகள்.

2025 ஏப்ரலில் வெளிவந்த தகவல்தான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. பழைய ஓட்டைகள் வழியாக நுழைந்தவர்கள், எஸ்.எஸ்.எல். வி.பி.என். பக்கத்தின் மொழிக்கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க்கை, அதாவது வேறொரு இடத்துக்குக் குறுக்குவழி காட்டும் கோப்பை, வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஓட்டையை அடைத்த பிறகும் அந்த லிங்க் வழியாக உள்ளே இருக்கும் கோப்புகளைப் படிக்க முடிந்தது. அதனால், பல வருடம் இந்த வசதியைத் திறந்து வைத்திருந்தவர்கள் அப்டேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

ஒரு நூற்பாலை அலுவலகத்துக்கு ஐபிசெக் அமைக்கப் போனேன். முதல் வேலையாக வி.பி.என். பயனர் பட்டியலை எடுத்து முதலாளி முன் வைத்தேன். 14 பெயர்கள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தவர் ஏழாவதில் நின்றார். "இவர் வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே தம்பி!" அந்தக் கணக்குக்கு ஓ.டி.பி. கூடக் கிடையாது. அன்று 14 பேர் 9 பேரானார்கள். எந்தப் புதிய வசதியும் இந்த வேலையை நமக்காகச் செய்து தராது.

ஐபிசெக் அமைக்கும்போது இடறும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக அது யுடிபி 500, 4500 போர்ட்டுகளில் பேசும்; சில ஓட்டல் வைஃபைகளில் இவை அடைபட்டிருக்கும். அங்கேயும் வேலை செய்ய, ஐபிசெக்கை டிசிபி 443 வழியாக ஓட்டும் வசதி இருக்கிறது. அதற்கு, இணைப்பை ஏற்படுத்தும் நெறிமுறையான ஐகேஇ-யின் பதிப்பு 2 வேண்டும். ஃபயர்வாலின் அட்மின் பக்கமும் இயல்பாக 443-இல்தான் இருக்கும் என்பதால் இரண்டும் மோதிக்கொள்ளும். அட்மின் பக்கத்தை இணையத்தின் பக்கம் திறந்து வைப்பதே தவறு, இதைச் சாக்காக வைத்து அதை மூடிவிடுங்கள். எல்டாப் (ஆபீஸின் பொதுப் பயனர் பட்டியல் சர்வர்) வழியாகப் பாஸ்வேர்டு சரிபார்க்கிறவர்கள் இரண்டு பேரை வைத்துச் சோதித்துவிட்டு மற்றவர்களை மாற்றுங்கள். பழைய அமைப்பில் ஓடிய சரிபார்ப்பு இங்கே அப்படியே ஓடாமல் போகலாம். லேப்டாப்களில் இருக்கும் வி.பி.என். செயலியான ஃபோர்ட்டிகிளையன்ட் எந்த வெர்ஷன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நூற்பாலையில் பழைய வி.பி.என்.னை நிறுத்தாமல், பக்கத்திலேயே ஐபிசெக்கை ஓடவிட்டு இரண்டு வாரத்தில் ஒவ்வொருவராக மாற்றினோம். பிறகு கான்ஃபிக் பேக்கப்பைப் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட்டோம். முந்தைய ஃபர்ம்வேர் இன்னொரு பார்ட்டிஷனில் இருந்ததால் திரும்பிப் போக வழியும் இருந்தது. ஃபயர்வால் எழுந்ததும் ஆடிட்டருக்குப் போன் செய்தேன். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்து ஓ.டி.பி.யைப் போட்டார். "கம்பெனி கணக்கு திறந்துடுச்சு" என்று அவர் சொன்ன பிறகுதான் நாங்கள் கிளம்பினோம்.